கடைசி அறுபது மீட்டர்

டிஸ்க் கோல்ஃபில் கைதட்டல் வாங்குவது நெடுந்தூர வீச்சு. கணக்கைத் தீர்ப்பதோ கூடையை நெருங்கும் வீச்சு. அதற்குத் தோள் பலம் அதிகம் வேண்டாம், பொறுமை வேண்டும்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலம், ஆக்டன் நகரம். 2021 ஜூன் மாதம் நடந்த உலக டிஸ்க் கோல்ஃப் சாம்பியன் போட்டியின் கடைசி ஹோல். ஐந்து முறை உலக சாம்பியனான பால் மெக்பெத் ஒரு வீச்சு முன்னிலையில் இருந்தார். பத்து ஆண்டுகளுக்கு ஒரு கோடி டாலர் என்று தட்டுத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றோடு அந்த ஆண்டுதான் ஒப்பந்தம் செய்திருந்தவர் அவர். அவரைப் பிடிக்க ஜேம்ஸ் கான்ராடுக்கு ஒரே வழிதான் இருந்தது. சுமார் 75 மீட்டர் தொலைவிலிருந்து தட்டை நேராகக் கூடைக்குள் போட வேண்டும். நீண்ட தலைமுடியும் தாடியுமாக நின்ற கான்ராட் வீசினார். தட்டு வளைந்து இறங்கி, சங்கிலிகளில் மோதி, கூடைக்குள் விழுந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. சமன் ஆன ஆட்டம் கூடுதல் ஹோலுக்குப் போனது. உலகப் பட்டம் கான்ராடுக்குப் போனது.

அதை அதிர்ஷ்டம் என்று சொல்வதில் தவறில்லை. 75 மீட்டரிலிருந்து கூடைக்குள் போட எவரும் பயிற்சி எடுப்பதில்லை. ஆனால் 75 மீட்டரிலிருந்து கூடைக்குப் பக்கத்தில் போட எடுக்கிறார்கள். பக்கத்தில் போட்டுப் பழகிய கைக்குத்தான் எப்போதாவது ஒரு நாள் உள்ளேயும் விழுகிறது. கான்ராட் அன்று எடுத்ததும் தூரம் பறக்கும் தட்டு அல்ல. ‘என்வி’ என்ற பட்டர் வகைத் தட்டு. அந்த ரகம் கூடைக்கு அருகே ஆடுவதற்காகவே செய்யப்பட்டது.

தூரத்துக்கு வேறு சாதனை இருக்கிறது. 2016இல் நெவாடா மாநிலத்துப் பாலைவனத்தில், காற்றின் துணையோடு டேவிட் விக்கின்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் ஒரு தட்டை 338 மீட்டர் பறக்கவிட்டார். வார இறுதிகளில் பூங்காவுக்குப் போகும் சாதாரண ஆட்டக்காரர் அதைத்தான் கனவு காண்கிறார். மாதக்கணக்கில் முழு பலத்தோடு வீசித் தோளையும் முழங்கையையும் புண்ணாக்கிக்கொள்கிறார். கடைசியில் ஸ்கோர் அட்டையைப் பார்த்தால் பழைய எண்ணிக்கையே நிற்கிறது.

குழி இல்லாத கோல்ஃப்

ஃபிரிஸ்பீ என்ற பெயரில் பலருக்கும் பழக்கமான பறக்கும் தட்டின் தம்பி இந்த ஆட்டம். கோல்ஃபில் பந்து குழிக்குள் விழ வேண்டும். இதில் தட்டு, இரும்புக் கம்பத்தில் தொங்கும் சங்கிலிகளில் பட்டு, கீழே உள்ள கூடையில் விழ வேண்டும். குழியே இல்லாவிட்டாலும் ‘ஹோல்’ என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பல களங்களில் 18 ஹோல்கள். குறைந்த வீச்சுகளில் முடிப்பவர் வெற்றியாளர்.

இதற்கு உருவம் கொடுத்தவர் எட் ஹெட்ரிக். ஃபிரிஸ்பீ தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கலிபோர்னியாவில் ஓக் குரோவ் பூங்காவில் 1975இல் முதல் நிரந்தரக் களத்தை அமைத்தார். சங்கிலிக் கூடையும் அவருடைய கண்டுபிடிப்புதான். 1976இல் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தையும் தொடங்கினார். 2002இல் அவர் இறந்தபோது, அவருடைய விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள்.

இன்று உலகெங்கும் 15,000க்கு மேற்பட்ட களங்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல் அமெரிக்காவில். பின்லாந்து, எஸ்டோனியா போன்ற சிறிய நாடுகளிலும் ஆட்டம் வேரூன்றிவிட்டது. எஸ்டோனியாவின் கிறிஸ்டின் டாட்டார் 2022, 2023 ஆண்டுகளில் பெண்கள் உலகப் பட்டத்தை வென்றார். பெரும்பாலான களங்கள் பொதுப் பூங்காக்களில் இருப்பதால் ஆடக் கட்டணம் கிடையாது. ஒரே ஒரு தட்டு போதும். பத்து வயதுப் பேரனும் எழுபது வயதுத் தாத்தாவும் ஒரே ஆட்டத்தில் இறங்க முடிவது இதனால்தான். ஆனால் தூரமே எல்லாம் என்று நினைத்துவிட்டால் தாத்தாவுக்கு அங்கே இடமில்லை.

மிச்சமாகும் ஏழு வீச்சு

ஒரு ஹோலில் மூன்று வகை வேலை இருக்கிறது. தொடக்க மேடையிலிருந்து வீசுவது டிரைவ். கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் நின்று வீசுவதை விதிகள் பட் என்கின்றன. இரண்டுக்கும் நடுவே, தட்டைக் கூடைக்குப் பக்கத்தில் கொண்டு சேர்ப்பது அப்ரோச். மற்ற இரண்டுக்கும் மணிக்கணக்கில் பயிற்சி எடுப்பவர்களும் இதைப் பெரும்பாலும் களத்திலேயே கற்றுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

150 மீட்டர் நீள ஹோலை எடுத்துக்கொள்வோம். 90 மீட்டர் வீசுபவருக்கு 60 மீட்டர் மிச்சம். அவர் அரும்பாடுபட்டு 100 மீட்டர் வீசக் கற்றுக்கொண்டால் மிச்சம் 50 மீட்டர். அப்போதும் ஒரு அப்ரோச், பிறகு ஒரு பட். ஸ்கோரில் மாற்றம் எதுவும் இல்லை.

இப்போது அதே ஆட்டக்காரரின் அப்ரோச் கூடையிலிருந்து 12 மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து ஐந்தில் ஒரு முறைதான் உள்ளே போடுவார் என்றும், 4 மீட்டரிலிருந்து பத்தில் ஒன்பது முறை போடுவார் என்றும் கொண்டால், பத்து ஹோல்களில் கணக்கு இப்படி வரும்: 12 மீட்டரிலிருந்து முடிக்க 18 வீச்சுகள், 4 மீட்டரிலிருந்து 11. ஏழு வீச்சுகள் மிச்சம். டிரைவ் ஒரு மீட்டர்கூட நீளவில்லை.

வட்டத்தின் கணக்கும் கவனிக்கத் தக்கது. 10 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 314 சதுர மீட்டர். 5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்கு அதில் கால் பங்குதான். ‘வட்டத்துக்குள் போட்டுவிட்டேன்’ என்று திருப்திப்படுவதற்கும் கைக்கெட்டும் தூரத்தில் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

விழுகிற இடமும் நிற்கிற இடமும்

கற்றுக்குட்டியின் முதல் தவறு கூடையைக் குறிபார்ப்பது. சங்கிலியை நோக்கி வேகமாக வீசிய தட்டு குறி தவறினால் 15 மீட்டர் தாண்டிப் போய் நிற்கும். பிறகு அங்கிருந்து இன்னொரு அப்ரோச். தேர்ந்த ஆட்டக்காரர் முதலில் தட்டு எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறார். அங்கே நிற்பதற்கு எங்கே விழ வேண்டும், எந்தச் சாய்வில் விழ வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்.

தட்டு தரையைத் தொடும் விதத்தில்தான் சூட்சுமம். வலது கைக்காரர் பேக்ஹேண்ட் முறையில் வீசும் தட்டு, மேலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுழலும். வேகம் குறைந்ததும் இடப்பக்கம் வளைந்து இறங்கும். இடது விளிம்பு சற்றே தாழ்ந்த நிலையில் கெட்டியான தரையில் விழுந்தால், சறுக்கி இன்னும் இடப்பக்கம் போகும். அதை எதிர்பார்த்துக் கூடைக்கு வலப்புறம், சற்று முன்னால் போட வேண்டும். மழை பெய்து தரை இளகியிருந்தால் சறுக்கல் இருக்காது. உயரத் தூக்கிச் செங்குத்தாக இறக்கிய தட்டு இளகிய மண்ணில் அப்படியே பதிந்து நிற்கும். அதே வீச்சு கட்டாந்தரையில் விழுந்தால் துள்ளி, விளிம்பில் நின்று, சக்கரம் போல உருண்டுவிடும். கூடை சரிவில் இருந்தால் உருள்வதற்குக் கேட்கவே வேண்டாம்.

கூடைக்கு அப்பால் சரிவோ குளமோ இருந்தால் ஒரு விதி எப்போதும் காப்பாற்றும்: குறைவாகப் போடு, தாண்டவிடாதே. எல்லைக்கு வெளியே போன தட்டுக்கு ஒரு வீச்சு அபராதம். மூன்று மீட்டர் நெருங்குவதற்காக ஒரு முழு வீச்சைப் பணயம் வைப்பது லாபமான வியாபாரம் அல்ல.

மெதுவான தட்டு, நின்ற கால்

இரண்டாவது தவறு தட்டின் தேர்வு. தட்டுகளில் வேகம், மிதப்பு, திருப்பம், இறக்கம் என்று நான்கு எண்கள் குறிக்கப்படுகின்றன. புகழ்பெற்ற டெஸ்ட்ராயர் என்ற டிரைவர் தட்டின் வேக எண் 12. ஏவியார் என்ற பட்டருக்கு 2. கூரிய விளிம்புள்ள வேகத் தட்டு முழு பலத்தில் வீசினால்தான் ஒழுங்காகப் பறக்கும். அதை 60 மீட்டருக்கு அடக்கி வீசினால் சட்டென்று பக்கவாட்டில் சாய்ந்து, வேகமாகத் தரையைத் தொட்டு, நினைத்த இடத்தைத் தாண்டிச் சறுக்கும். தடித்த விளிம்புள்ள பட்டர் மெதுவாகப் போகும். ஏறக்குறைய நேராகப் போகும். விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

பை நிறையத் தட்டு வாங்கிக் குவிப்பவர்கள் பலர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். 30 முதல் 70 மீட்டர் வரை பெரும்பாலான வேலைக்கு ஒரு பட்டரும், காற்று வீசும் நாளுக்கு இறக்கம் அதிகமுள்ள இன்னொரு தட்டும் போதும்.

மூன்றாவது தவறு ஓட்டம். டிரைவுக்கு எடுக்கும் அடிகளை அப்ரோச்சுக்கும் எடுப்பதால் விடுபடும் கணம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. வீச்சுத் திசை 5 டிகிரி பிசகினால் 60 மீட்டர் தூரத்தில் தட்டு 5 மீட்டருக்கு மேல் விலகிவிடும். நின்ற இடத்திலிருந்தே, பின்காலிலிருந்து முன்காலுக்கு எடையை மாற்றி வீசினால் இந்தப் பிசகு குறையும். விதியும் அதற்கே சாதகம். தட்டு கிடந்த இடத்துக்குப் பின்னால் 20 செ.மீ. அகலமும் 30 செ.மீ. நீளமுமான சின்னக் கட்டத்துக்குள் கால் ஊன்றியிருக்க வேண்டும். மரங்களுக்கு நடுவே ஓட இடம் எங்கே?

தூரத்தைக் குறைக்கக் கையின் வேகத்தை நடுவழியில் தளர்த்துவது நான்காவது தவறு. தளர்ந்த கையிலிருந்து கிளம்பும் தட்டில் சுழற்சி போதாது. சுழற்சி இல்லாத தட்டு தள்ளாடும். கையைப் பின்னால் கொண்டுபோகும் அளவைக் குறைத்து, முன்னே வரும்போது அதே தாளத்தில் இழுத்து, மணிக்கட்டை வழக்கம் போலச் சொடுக்குவதே முறை. கேரம் ஆடுபவர்களுக்கு இது புதிதல்ல. மெதுவாக அடிக்கும் ஸ்டிரைக்கருக்கும் விரல் தயங்கக் கூடாது.

இன்னொன்று தட்டின் மூக்கு. முன்விளிம்பு நிமிர்ந்து கிளம்பும் தட்டு மேலே ஏறி, காற்றில் தயங்கி, பாதி வழியிலேயே விழுந்துவிடும். அமெரிக்கப் பயிற்சியாளர்கள் இதற்குச் சொல்லும் வைத்தியம் சுலபமானது: குவளையிலிருந்து காபி ஊற்றுவது போல மணிக்கட்டைச் சற்றுக் கீழ்நோக்கி வை.

இரண்டு பக்கமும் ஒரு வழி

பேக்ஹேண்ட் மட்டுமே தெரிந்தவருக்குக் களத்தில் பாதி வழிகள் அடைபட்டிருக்கும். வலது கைக்காரரின் பேக்ஹேண்ட் இடப்பக்கம் முடியும். ஃபோர்ஹேண்ட் வலப்பக்கம் முடியும். ஃபோர்ஹேண்ட் என்பது குளத்து நீரில் ஓட்டாஞ்சில்லைத் தத்தவிடும் அதே கையசைவு. சிறுவயதில் குளக்கரையில் நின்றவர்களுக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. பெரிய மரம் ஒன்று வலப்புறம் மறைத்து நிற்கும்போது இடப்புறமிருந்து வளைத்துக் கொண்டுவர இது ஒன்றே துணை. ஃபோர்ஹேண்டில் 40 மீட்டர் நிதானமாக வீசத் தெரிந்தாலே போதும். அதற்கு மேல் தேவைப்படுவது அபூர்வம்.

காற்று பெரிய ஏமாற்றுக்காரன். எதிர்க்காற்றில் தட்டு மேலே எழும்பி வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். பதறிப்போய் இன்னும் வேகமாக வீசினால் நிலைமை மோசமாகும். இறக்கம் அதிகமுள்ள தட்டை எடுத்து, தாழ்வாக, வழக்கமான வேகத்தில் வீசுவதே மருந்து. பின்காற்றில் நேர்மாறு. தட்டு மிதக்காமல் சீக்கிரம் இறங்கிவிடும். கொஞ்சம் உயரம் கொடுக்க வேண்டும்.

ஆறு தட்டு, இருபது நிமிடம்

கெட்டுப்போன டிரைவுக்குப் பிறகு ஆட்டத்தைக் காப்பாற்றுவதும் அப்ரோச்தான். காட்டுக்குள் தட்டு போய்விட்டால், மரங்களுக்கு இடையே தெரியும் கையகல இடைவெளியில் வீரம் காட்டத் தோன்றும். பத்தில் எட்டு முறை அது இன்னொரு மரத்தில்தான் மோதும். பத்து மீட்டர் பின்வாங்கியாவது திறந்த வெளிக்கு வந்து, அங்கிருந்து கூடைக்குப் பக்கத்தில் போடுபவர் ஒரு வீச்சை இழக்கிறார். வீரம் காட்டுபவர் மூன்றை இழக்கிறார். 1990 முதல் 1998 வரை தொடர்ந்து ஒன்பது முறையும், மொத்தம் 12 முறையும் உலகப் பட்டம் வென்ற கென் கிளைமோ, தூரத்தைவிடத் தவறாத நிதானத்துக்காகவே பேசப்பட்டவர்.

பயிற்சிக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஒரே ரகத்தில் ஆறு பட்டர்கள். கூடையைச் சுற்றி 5 மீட்டரில் நாலைந்து கற்களை அடையாளமாக வைத்து, 30 மீட்டரிலிருந்து ஆறையும் வீச வேண்டும். நான்கு தட்டுகள் வட்டத்துக்குள் நின்றால் பத்து மீட்டர் பின்னால் போகலாம். நிற்கவில்லையென்றால் அங்கேயே இருக்க வேண்டும். இப்படி 60 மீட்டர் வரை. இருபது நிமிட வேலை.

எத்தனை உள்ளே நின்றன என்பதைவிட, வெளியே போனவை எந்தப் பக்கம் போயின என்பதைக் குறித்துக்கொள்வது முக்கியம். எல்லாம் குறைவாக விழுந்தால் மூக்கு நிமிர்கிறது. எல்லாம் இடப்பக்கம் போனால் கை சீக்கிரம் விலகுகிறது, அல்லது தட்டு தேவைக்கு மேல் சாய்ந்து கிளம்புகிறது. நாலாப் பக்கமும் சிதறினால் கால் நிலைகொள்ளவில்லை. தவறு ஒரே திசையில் இருந்தால் திருத்துவது சுலபம். சிதறல்தான் நிஜமான எதிரி.

இரண்டு வாரம் கழித்துப் பாடத்தை மாற்ற வேண்டும். ஆட்டத்தில் ஒரே இடத்திலிருந்து ஆறு முறை வீச யாரும் அனுமதிப்பதில்லை. ஒவ்வொரு தட்டையும் வெவ்வேறு தூரத்திலிருந்து, வெவ்வேறு கோணத்திலிருந்து, ஒரே முறை வீசி, கூடையில் போட்டு முடிக்க வேண்டும். இரண்டு வீச்சில் முடித்தவை எத்தனை என்பதுதான் மதிப்பெண். வாரா வாரம் அந்த எண்ணை எழுதி வைப்பவருக்குத் தான் முன்னேறுகிறோமா என்று யாரையும் கேட்க வேண்டிய அவசியம் வராது.

இதில் பெரிய லாபம் அடைபவர்கள் பலசாலிகள் அல்ல. ஐம்பது தாண்டியவர்கள், புதிதாக ஆட வந்த பெண்கள், பள்ளிச் சிறுவர்கள். ஊர்ப் பூங்காக்களில் உள்ள பல ஹோல்கள் 60 முதல் 100 மீட்டர் நீளமே. அங்கே தொடக்க வீச்சே ஏறக்குறைய ஒரு அப்ரோச்தான். 120 மீட்டர் வீசும் இளைஞன் கூடையைத் தாண்டிப் புதரில் தேடிக்கொண்டிருக்கும்போது, இரண்டு நிதானமான வீச்சில் கூடையடியில் நிற்பவர் மூன்றாவதில் முடித்துவிட்டு அடுத்த ஹோலுக்கு நடக்கிறார்.

சங்கிலிக் கூடை இல்லாத ஊர்க்காரர்களும் மனம் தளர வேண்டியதில்லை. ஒரு மைதானம், ஒரு மரம், ஒரு தட்டு இருந்தால் போதும். 1975இல் ஓக் குரோவில் முதலில் நின்றவையும் கூடைகள் அல்ல. வெறும் கம்பங்கள்தான்.